‘நீல ரத்தம்’ என்று மொழிபெயர்த்த புண்ணியவானுக்கு

பழையரேடியோ: அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் ஒரு வாக்குமூல ஒலிநாடாவை வைத்துச் செய்த ‘கம் அவுட்’ (1966) பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த நாடாவில் பேசும் கறுப்பின இளைஞன் டேனியல் ஹாம் தன் ‘நீல ரத்தத்தை’ வெளியே வரவைத்தானாம். ஆங்கிலத்தில் ‘நீல ரத்தம்’ என்றால் ராஜவம்சத்து ரத்தம். அந்தப் பையன் என்ன ராஜவம்சமா? 1964-இல் நியூயார்க்கின் ஹார்லெமில் போலீஸ்காரர்கள் அவனை அடித்து நொறுக்கினார்கள். ரத்தம் ஒழுகினால்தான் ஆஸ்பத்திரி என்றார்கள். இவனுக்கோ எல்லாம் ஊமைக்காயம். ரத்தக்கட்டைப் பிதுக்கிக் கசியவிட்டுக் காட்டினான். நாடாவில் அவன் சொல்வது ‘ப்ரூஸ் ப்ளட்’. ‘ப்ரூஸ்’ என்றால் ரத்தக்கட்டு. நீலம் எங்கிருந்து வந்தது?

நாகலிங்கம்: எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். ‘ப்ரூஸ்’ என்று சொல்ல வந்தவனுக்கு நாக்குப் பிறழ்ந்து ‘ப்ளூஸ்’ என்று வந்துவிட்டது. கறுப்பின மக்களின் துயரப் பாட்டுக்கும் அதுதான் பெயர். அமெரிக்க ஓவியர் க்ளென் லைகன் 2015 வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சியில் ‘ப்ளூஸ்’, ‘ப்ளட்’, ‘ப்ரூஸ்’ என்ற மூன்று சொற்களையும் நியான் விளக்காகக் கட்டட முகப்பில் ஏற்றினாரே, சும்மாவா?

பழையரேடியோ: விளக்குப் போட்டால் ஒலி மாறிவிடுமா? ஆரம்பத்தில் அந்த வாக்கியம் முழுதாக மூன்று முறை ஓடுகிறது. மூன்று முறையும் ‘ப்ரூஸ்’தான். காதைத் துடைத்துவிட்டுக் கேளுங்கள்.

செம்பருத்தி: ஓர் எழுத்துக்கு இவ்வளவு மல்லுக்கட்டா? அதன்பிறகு நடப்பதைப் பேசுங்கள். ‘கம் அவுட் டு ஷோ தெம்’ (அவர்களுக்குக் காட்ட வெளியே வர) என்ற துண்டு மட்டும் இரண்டு நாடாக்களில் ஒன்றாகத் தொடங்கி, ஒன்று மெல்லப் பின்தங்குகிறது. இரண்டு குரல் நான்காகி, நான்கு எட்டாகிறது. கிட்டத்தட்ட 13 நிமிடம். கடைசியில் சொல்லே இல்லை. சூடான எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல் ‘ஷ்ஷ்’ மட்டும். அடிபட்டவனின் வாக்குமூலத்தை வெள்ளைக்கார இசையமைப்பாளர் இப்படிக் கரைத்தது நினைவூட்டலா, அழிப்பா?

பழையரேடியோ: அழிப்பாம்! ஹாமையும் சேர்த்து ஆறு கறுப்பின இளைஞர்கள் மாட்டிய ‘ஹார்லெம் அறுவர்’ கொலை வழக்கை மறுபடி விசாரிக்க வைப்பதற்காக நியூயார்க் டவுன் ஹாலில் நிதி திரட்டினார்கள். அவர்களுக்காகப் போராடிய எழுத்தாளர் ட்ரூமன் நெல்சன் வாக்குமூல நாடாக்களைக் கொடுத்துக் கேட்க, அந்த நிகழ்ச்சிக்காகச் செய்த வேலை இது. அதை விடுங்கள் அம்மா, உங்களுக்கு ‘ப்ரூஸ்’ என்று கேட்கிறதா, இல்லையா?

இரண்டாங்கட்டை: கொலை வழக்கில் பிடித்தபோது அடித்ததுதானே இது?

செம்பருத்தி: இல்லை. பழக்கடையில் கூடை கவிழ்ந்த தகராறு. சிறுவர்களைப் போலீஸ் அடித்தபோது ஹாம் குறுக்கே போனான். கொலை வழக்கு அதே ஏப்ரலில் பிறகு வந்தது. 1965-இல் தண்டனை, 1968-இல் அது ரத்து. என் கேள்வி அப்படியே நிற்கிறது.

இரண்டாங்கட்டை: நன்றி. இன்னொன்று, அவர் ‘ரைக்’ இல்லை, ‘ரைஷ்’. அவர் வாயால் அப்படித்தான் சொல்கிறார்.

நாகலிங்கம்: ஆஹா! பெயரையே ஒழுங்காகக் கேட்காத காதுதான் எனக்குப் பாடம் எடுக்கிறது.

பழையரேடியோ: பெயரை எழுத்தைப் பார்த்து எழுதினேன், காதால் கேட்டு அல்ல. போன மாதம் ஒலிப்பதிவில் தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் விழித்தவர் யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

நாகலிங்கம்: அந்தப் பதிவின் தரம் மோசம், அப்போதே சொன்னேன். நீங்கள் அதை இன்னும் முடிந்து வைத்திருக்கிறீர்கள்.

செம்பருத்தி: தவிலுக்கு வந்துவிட்டோம். நல்லது.

பழையரேடியோ: நான் ‘ப்ரூஸ்’ஸை விட்டு எங்கும் போகவில்லை. நாற்பது வருடம் ஒலிநாடாவை வெட்டி ஒட்டியவன் நான். ‘ர’வும் ‘ல’வும் எனக்குத் தெரியாதா? சரி, ‘ப்ளூஸ்’ என்றே இருக்கட்டும். அதற்குத் தமிழ் ‘நீலம்’ என்று எந்த அகராதி சொல்கிறது?

நாகலிங்கம்: ‘ப்ளூஸ் என்றே இருக்கட்டும்’ என்று சொல்லிவிட்டீர்கள். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையரேடியோ: வாதத்துக்குச் சொன்னது ஐயா, வாதத்துக்கு! இப்போதுதான் ஆறாவது முறை கேட்டேன். ப்ரூஸ். ரத்தக்கட்டு. நீங்கள் திருத்தும்வரை நாளைக்கும் வந்து இதையே எழுதுவேன்.