நீரோட்டம் பார்ப்பவரிடம் என்ன கேட்பது?

தோட்டத்துப் பெண், அவிநாசி:
எங்களுக்கு நான்கு ஏக்கர் தென்னை. இரண்டு ஆழ்துளைப் போரும் வற்றிவிட்டன. சென்ற வாரம் நிலத்தடி நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றினார். ஈசானி மூலையில் தேங்காய் நிமிர்ந்து நின்றது. 1,100 அடியில் இரண்டு அங்குலத் தண்ணீர் என்றார். அம்மாவின் நகையை அடகு வைத்து, போர் போடும் ரிக் வண்டியை அழைக்க அப்பா தயாராகிவிட்டார். எனக்குச் சண்டை வேண்டாம். எதை, யாரிடம், எப்படிக் கேட்பது?

ரிக் அண்ணன், திருச்செங்கோடு:
அம்மிணி, ரிக் வண்டியில் 19 வருடம் வேலை செய்தவன் நான். தேங்காய் நின்ற இடத்தில் தண்ணீர் பீய்ச்சியதையும் பார்த்தேன். வெறும் புழுதி பறந்ததையும் பார்த்தேன். பீய்ச்சிய தோட்டத்தை ஊரே பேசும். புழுதி பறந்தவர் வெளியே சொல்லமாட்டார். அதனால் தேங்காய்க்காரரிடம், "கடைசியாகப் பார்த்த பத்து இடங்களைச் சொல்லுங்கள், போய் விசாரித்து வருகிறோம்" என்று கேளுங்கள். அவர் பொறுக்கித் தரும் மூன்று இடம் போதாது.

இன்னொரு கேள்வி எனக்குத் தோன்றவே எட்டு வருடம் ஆயிற்று. இருபது அடி தள்ளிப் போட்டிருந்தால் தண்ணீர் வந்திருக்காதா? அதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. 1990-ல் ஜெர்மனியின் காசல் நகரில் நீரோட்டம் பார்ப்பவர்கள் சுமார் 30 பேரைச் சோதித்தார்கள். மண்ணில் புதைத்த குழாயில் தண்ணீர் ஓடுகிறதா, இல்லையா என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னால் எவ்வளவு சரியாகுமோ, அவ்வளவுதான் சரியாயிற்று.

அப்பாவிடம் கேட்பது வேறு. நம் பக்கம் அடியில் கடும்பாறை. அதன் வெடிப்புகளில்தான் தண்ணீர் நிற்கிறது; ஆழம் போகப்போக வெடிப்புகள் பொதுவாகக் குறைந்துவிடும். பழைய போர்களில் எத்தனை அடியில் ஈரம் தட்டியது, எந்த மாதம் வற்றின, அப்போது பக்கத்தில் யார் புதிதாகப் போட்டார்கள் என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்ததைக் கேட்டால் கோபம் வராது.

கிணற்றுமேடு, பெருந்துறை:
வற்றிவிட்டது என்று முதலில் சொன்னது யார்? அளந்து பார்த்தீர்களா? எங்கள் போரும் வற்றியதாகவே நினைத்தோம். மோட்டாரை மேலே எடுத்தால், குழாயில் ஓட்டை. ஏறிய தண்ணீர் உள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தது. 2024 ஆகஸ்டில், குளம் குட்டைகளை நிரப்பும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கிய பிறகு உங்கள் ஊர்க் குட்டை நிறைந்ததா, பக்கத்துக் கிணறுகளில் மட்டம் ஏறியதா என்றும் விசாரியுங்கள்.

தோட்டத்துப் பெண், அவிநாசி:
அண்ணா, அப்பா திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். 280 அடியில் ஈரம் தட்டிய நாள் அம்மாவுக்குக்கூட நினைவிருந்தது. இரண்டு போரையும் இதுவரை அளந்ததே இல்லை என்று அவரே சொன்னார். தேங்காய்க்காரர் நான்கு பெயர்களோடு நிறுத்திக்கொண்டார். அதில் இரண்டு தோட்டங்களில் தண்ணீர் இல்லை. ரிக் வேண்டாம் என்று அப்பா சொல்லவில்லை, வெள்ளிக்கிழமை வரை பொறுக்கலாம் என்றார். இன்று காலை, மோட்டார் இல்லாத பழைய போரில் கல் கட்டி நூலை இறக்கினோம். 310 அடிக்குக் கீழே நூல் நனைந்து வந்தது.