பழைய தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் குழுப் படங்களும்: காப்பாற்ற வழி?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தார் நடத்திய சிறு பள்ளி. முன்னாள் மாணவர் சந்திப்புக்காகத் தேடியதில் சேர்க்கைப் பதிவேடும் வகுப்புப் படங்களும் கிடைத்தன. தாள் நொறுங்குகிறது, படங்கள் ஆல்பத்தோடு ஒட்டிக்கொண்டன. லேமினேட் செய்யலாமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம் ஐயா. அந்தச் சூடும் பசையும் தாளைப் பாழாக்கும், பிறகு பிரிக்கவே முடியாது. ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள். பல்லிடுக்கு நூலை (டென்டல் ஃப்ளாஸ்) படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு, ரம்பம்போல் மெல்ல இழுங்கள். அசையவில்லையா, பக்கத்தோடு 600 டிபிஐ நுணுக்கத்தில் ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் (TIFF) படக்கோப்பாக வையுங்கள். துருப்பிடித்த குண்டூசிகளை முதலில் எடுங்கள். துரு தாளை அரிக்கும். நம்மூர் ஈரத்துக்கு, மூடிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும், நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

பதில் 2: பெயர் சேர்ப்பதுதான் பெரிய வேலை. படத்தின் நகலில் ஒவ்வொரு முகத்துக்கும் எண் போட்டு, மூத்தவர்களிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். கூட்டத்தில் ஒருவர் சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள். ஒரே வகுப்பில் மூன்று முனியம்மா இருப்பார்கள், ஆகவே தகப்பனார் பெயர், சேர்க்கை எண் இரண்டையும் குறியுங்கள். பிறந்த தேதியுள்ள பக்கங்களை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

பதில் 3: முன்னாள் மாணவர்கள் சேர்ந்து சங்கமாகப் பதிய நினைத்தால், மலேசியாவின் 1966 சங்கச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவாளருக்கு ஆண்டறிக்கை அனுப்பிவிடுங்கள்.