வைரசு: வேர் நஞ்சு, பெயரும் நஞ்சா?

> வைரசின் இலத்தீன் பன்மை 'வைரை' அல்லவா? 'நச்சி, நச்சிகள்' என்று இரண்டையும் தமிழாக்கலாமே?

நண்பரே, செவ்வியல் இலத்தீனில் அப்படியொரு பன்மை கிடைப்பதில்லை. வைரசுக்கு மூலமான இலத்தீன் சொல் வீருஸ். அதற்குக் கொழகொழப்பு, நஞ்சு, கெட்ட வாடை என்று பொருள். 'தண்ணீர்' போல எண்ணிக்கையில் அடங்காத பெயர். 'உஸ்' ஈற்று இரண்டாம் வாய்பாட்டுப் (வேற்றுமை உருபேற்கும் வகை) பெயர்கள் பெரும்பாலும் ஆண்பால், இதுவோ அஃறிணைப்பால். பெலகுஸ் (கடல்), வுல்குஸ் (பொதுசனம்) இரண்டும் இதன் கூட்டாளிகள். ஆகவே எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே வடிவம்: வீருஸ். ஆறாம் வேற்றுமை: வீரீ. முதலெழுத்தைக் குறிலாக்கி 'விரீ' என்றால் ஆண்கள் என்றாகிவிடும்! அது 'விர்' என்பதன் பன்மை.

வேடிக்கை என்னவென்றால், இருவருக்கும் உறவினர் நம்மிடமே உண்டு. விர்: வீரன். வீருஸ்: விடம். வீரனும் விடமும் வடமொழி வழி நமக்கு வந்தவை. உயிரெழுத்துகளுக்கு இடைப்பட்ட ஸகரம் இலத்தீனில் ரகரமாகத் திரிந்ததால் இரண்டாவது உறவு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஃபுளோஸ் (மலர்), ஃபுளோரிஸ் (மலரின்) என்பதிலும் அதே திரிபுதான்.

'நச்சி'யை ஏற்பதில் சிக்கல் இருக்கிறது. அதோடு 'இயல்' சேர்த்தால் நச்சியல். அது ஏற்கெனவே நஞ்சுகளை ஆராயும் துறையின் பெயர். குருதியில் வைரசு இருப்பதும் நஞ்சு இருப்பதும் வெவ்வேறு நிலைகள். 'குருதி நச்சு' என்றால் எது? போதாக்குறைக்கு நச்சுதல் என்றால் விரும்புதல். நச்சினார்க்கினியர் கோபித்துக்கொள்வார்.

> அப்படியானால் நச்சுயிரி? தீநுண்மி?

'உயிரி' என்றதும் வைரசுக்கு உயிர் உண்டா என்ற வழக்கில் தீர்ப்பு எழுதியாயிற்று. 'தீ' என்றால், பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரசு யாருக்குத் தீயது? டச்சு அறிவியலாளர் பெயெரிங்க் 1898இல் புகையிலைத் தேமல் நோய்க் காரணிக்கு 'வைரசு' என்ற சொல்லைக் கையாண்டபோது அதை உயிருள்ள திரவம் என்றே கருதினார். அன்றைய பொருளை இன்று மொழிபெயர்ப்பதில் பயனில்லை.

என் பரிந்துரை வைரசு என்பதே. குற்றியலுகர ஈறு, வைரசை, வைரசால், வைரசியல் எனத் தடையில்லாமல் புணரும். செல்லுக்கு வெளியே இருக்கும் முழுத் துகள் (விரியான்): வைரசுத் துகள். வைரசைவிடச் சிறிய தாவர நோய்க் காரணியான விராய்டுக்கு 'வைரசுப் போலி' வேண்டாம். அதற்குப் புரத உறையே கிடையாது, உருளைக்கிழங்கைத் தாக்குவது 359 நியூக்ளியோடைடு கொண்ட ஆர்என்ஏ வளையம் மட்டுமே. 'வெற்று ஆர்என்ஏ வளையம்' எனலாம். விருலென்ஸ் (நோய்க்கிருமியின் கடுமை) இதே வேரில் பிறந்தாலும் பாக்டீரியாவுக்கும் பொருந்துவது. அதில் வைரசும் வேண்டாம், நஞ்சும் வேண்டாம்: நோய்க்கடுமை.