வளர்ப்பு மலைப்பாம்பை வெயிலில் விடலாமா?

கேள்வி: மெல்பர்னில் உரிமத்தோடு ஒரு கார்பெட் பைத்தான் வளர்க்கிறேன். குளிர்காலம் முடிந்து இப்போதுதான் நல்ல வெயில் அடிக்கிறது. கண்ணாடித் தொட்டியோடு தூக்கிப் போய் முற்றத்தில் வைத்தால் போதுமா?

பதில் 1: தயவுசெய்து தொட்டியோடு வைக்காதீர்கள். பூட்டிய கார் மாதிரி உள்ளே சூடு ஏறி, பாம்பு செத்தே போய்விடும். புற ஊதா பி கதிர்களைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடுவதால் பலனும் இல்லை. காலையில் கையில் எடுத்துப் போய்ப் புல்லில் விடுங்கள். அதற்கு முன் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். பக்கத்திலேயே நிழல் கட்டாயம் வேண்டும். என்னுடையது கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும். அப்புறம் நாக்கை நீட்டி நீட்டி, நேராக வேலி இடுக்கைப் பார்த்துப் போகும். கை எட்டும் தூரத்தை விட்டு நான் நகரவே மாட்டேன்.

பதில் 2: நத்தையைக் கொல்லும் மருந்து போட்ட புல்வெளி வேண்டவே வேண்டாம். பாம்பைப் பிடிக்கும் குக்கபரா பறவை வரும், மேலேயும் ஒரு கண் இருக்கட்டும். இரை தின்ற பிறகு இரண்டு நாளாவது தொந்தரவு செய்யாதீர்கள்.

கேட்டவர்: சரி, தொட்டி யோசனையை விட்டுவிட்டேன். வெயிலில் வாயைத் திறந்து திறந்து மூடினால்?

பதில் 1: சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் வையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.