ஷார்ட் ஹில்ஸா, வெஸ்ட் விண்ட்சரா? மன்ஹாட்டன் வேலைக்கு நியூ ஜெர்சியில் எங்கே வீடு வாங்குவது

புதுக்கரை:
ஜெர்சி சிட்டியில் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மூத்தவள் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள், சின்னவனுக்கு நான்கு வயது. இந்த வருடம் வீடு வாங்கிவிடுவது என்று முடிவு. எனக்கு பிரையன்ட் பார்க் பக்கம் அலுவலகம், செவ்வாய் முதல் வியாழன் வரை நேரில் போயாக வேண்டும். மனைவிக்கு நியூ பிரன்ஸ்விக்கில் வேலை, வாரம் முழுக்க. பார்த்துப் பார்த்து இரண்டு ஊர்களில் வந்து நிற்கிறோம்: மில்பர்ன் டவுன்ஷிப்பில் இருக்கும் ஷார்ட் ஹில்ஸ், பிரின்ஸ்டன் ஜங்ஷன் நிலையம் இருக்கும் வெஸ்ட் விண்ட்சர். இரண்டிலும் பள்ளிகளுக்கு நல்ல பேர். ஷார்ட் ஹில்ஸில் எங்கள் கைக்கு எட்டுவது பழைய, சின்ன வீடுதான். அதே பணத்துக்கு வெஸ்ட் விண்ட்சரில் நான்கு படுக்கையறையும் பெரிய கொல்லைப்புறமும் கிடைக்கும். அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மலைச்சரிவு:
ஷார்ட் ஹில்ஸ், தம்பி. வேறு பேச்சே வேண்டாம். மாரிஸ் அண்ட் எசெக்ஸ் தடத்து ரயில்கள் முன்பெல்லாம் ஹோபோக்கனோடு நின்றுவிடும். அங்கே இறங்கி, ஹட்சன் நதிக்கு அடியில் மன்ஹாட்டனுக்குப் போகும் பாத் ரயிலோ படகோ பிடிக்க வேண்டும். 1996ல் மன்ஹாட்டனுக்கே நேராகப் போகும் மிட்டவுன் டைரக்ட் ரயில் வந்தபிறகுதான் மில்பர்ன், சம்மிட், மேப்பிள்வுட் எல்லாம் மன்ஹாட்டன்காரர்கள் தேடி வரும் ஊர்களாக ஆயின. ஷார்ட் ஹில்ஸில் ஏறி உட்கார்ந்தால் சுமார் 40 நிமிடத்தில் மன்ஹாட்டன் பென் ஸ்டேஷன். பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து எல்லாம் சரியாக ஓடும் நாளிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போக வரக் கூட்டிப் பாருங்கள். சாயங்காலம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிற நேரம்தான் அதில் போகிறது.

ரூட்_ஒன்:
அவர் கேட்டது வாரம் மூன்று நாள் போகிறவருக்கு. மலைச்சரிவு ஐயா ஐந்து நாள் போன காலத்துக் கணக்கைச் சொல்கிறார்.

வெஸ்ட் விண்ட்சரில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மீதி நான்கு நாளும் நீங்கள் வாழப்போவது ரயிலில் இல்லை, ஊரில். எங்கள் பக்கம் வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் பிள்ளையை அனுப்ப முக்கால் மணி நேரம் காரோட்ட வேண்டாம். நவராத்திரிக்கு ஒரே தெருவில் மூன்று நான்கு வீட்டில் கொலு இருக்கும். மாமனார் மாமியார் ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கினால் பேச்சுத்துணைக்கு ஆள் உண்டு. காலை நடைப்பயிற்சியிலேயே ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். ஷார்ட் ஹில்ஸில் அவர்கள் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் சொத்து வரி. நியூ ஜெர்சியில் ஒரு வீட்டுக்கு வருடச் சராசரியே 2024ல் பத்தாயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. மில்பர்னில் சராசரி 20,000க்கும் மேல். விகிதம் குறைவு என்று தரகர் சொன்னால் மயங்காதீர்கள், வீட்டு விலை உயரும்போது தொகையும் சேர்ந்து உயரும். கடன் தீர்ந்தாலும் இந்த வரி தீராது.

மலைச்சரிவு:
வரியைப் பற்றிப் பாதிதான் சொன்னீர்கள், ரூட்_ஒன். 2018லிருந்து மாநில, உள்ளூர் வரிகளுக்குக் கூட்டரசு வரியில் 10,000 டாலர் வரைதான் கழிவு கிடைத்தது. அது எங்கள் ஊரைத்தான் கடுமையாக அடித்தது, மறுக்கவில்லை. ஆனால் 2025ல் அந்த வரம்பு 40,000 ஆக உயர்ந்துவிட்டது. ஐந்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம் இருந்தால்தான் அது படிப்படியாகக் குறையும். பழைய கணக்கை வைத்து ஒருவரைப் பயமுறுத்தக் கூடாது.

ரயில் விஷயத்தில் இன்னொன்று. பிரின்ஸ்டன் ஜங்ஷன் தடம், நாடு முழுக்க ரயில் விடும் ஆம்ட்ராக் நிறுவனத்துக்குச் சொந்தம். பழைய மின்கம்பி அறுந்தால் அங்கே எல்லாமே நிற்கும். 2024 கோடையில் நடந்தது உங்களுக்கே தெரியும். எங்கள் தடம் மாநிலப் போக்குவரத்து நிறுவனமான நியூ ஜெர்சி டிரான்சிட்டுக்குச் சொந்தம், கம்பியும் தனி. நியூயார்க் பக்கம் சிக்கல் என்றால் ரயிலை ஹோபோக்கனுக்குத் திருப்பிவிடுவார்கள். அங்கிருந்து பாத் பிடித்து 33ஆம் தெருவில் இறங்கி பிரையன்ட் பார்க்குக்கு நடந்தே போய்விடலாம்.

ரூட்_ஒன்:
திருப்பிவிடுவார்கள், சரி. 2017 கோடையில் பென் ஸ்டேஷன் தண்டவாள வேலைக்காக முதலில் பலியிடப்பட்டது யார்? ஜூலை தொடங்கி செப்டம்பர் வரை வேலைநாட்களில் உங்கள் மிட்டவுன் டைரக்ட் ரயில்களைத்தான் ஹோபோக்கனுக்கு அனுப்பினார்கள். எங்கள் தடம் ஓடிக்கொண்டிருந்தது. கியர்னியில் இரண்டு தடமும் சேர்ந்தபிறகு எல்லோருக்கும் ஒரே பாலம், ஒரே சுரங்கம்தான். அந்தச் சுரங்கம் 1910ல் திறந்தது. 2012ல் சாண்டி புயலில் உப்புத்தண்ணீர் புகுந்தபோது உங்கள் ரயில், என் ரயில் என்று பார்த்தா புகுந்தது? எங்களுக்கும் நுவார்க்கில் இறங்கி பாத் பிடிக்கும் வழி உண்டு.

ஹார்லெம்_லைன்:
ஹட்சனுக்கு அடியில் போகிற சுரங்கம்தான் பிரச்சினை என்றால் நதியைத் தாண்டாத ஊரைப் பாருங்கள். ஸ்கார்ஸ்டேலிலிருந்து விரைவு ரயிலில் 35 நிமிடம் போல ஆகும், கிராண்ட் சென்ட்ரல். அங்கிருந்து பிரையன்ட் பார்க் நடக்கிற தூரம். பள்ளியும் முதல் தரம்.

புதுக்கரை:
மனைவி தினமும் ஸ்கார்ஸ்டேலிலிருந்து நியூ பிரன்ஸ்விக் வர முடியாது, நண்பரே. அதனால்தான் அதை எடுக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களுக்காவது நியூயார்க் வருமான வரி மிச்சமாகுமா என்றும் பார்த்தேன்.

மலைச்சரிவு:
மிச்சமாகாது. முதலாளி நியூயார்க்கில் இருந்து, நீங்கள் உங்கள் வசதிக்காக வீட்டிலிருந்து வேலை செய்தால் அந்த நாளுக்கும் நியூயார்க் வரி கேட்கும். அங்கே கட்டியதை நியூ ஜெர்சி தன் வரியில் கழித்துக்கொள்ளும். ஊரைத் தேர்ந்தெடுக்க இது ஒரு காரணமே இல்லை.

வாடகைவாசி:
முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்க்கலாமே? பள்ளி, ரயில், அக்கம்பக்கம் எல்லாம் தெரிந்துவிடும்.

ரூட்_ஒன்:
மூன்றாம் வகுப்புப் பிள்ளையை இரண்டு தடவை பள்ளி மாற்றச் சொல்கிறீர்களா?

மலைச்சரிவு:
பள்ளிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். வெஸ்ட் விண்ட்சர்–பிளெயின்ஸ்பரோவில் பிள்ளைகள் மன அழுத்தத்தில் தவிக்கிறார்கள் என்று பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளரே 2015ல் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். உயர்நிலைப் பள்ளியில் அரையாண்டு, இறுதித் தேர்வுகளை எடுத்தார்கள், வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் என்று வைத்தார்கள். அதற்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நம்மைப் போன்ற ஆசியப் பெற்றோர்களிடமிருந்து. நீங்கள் சொல்லும் அந்தக் கூட்டத்துக்கு இப்படியும் ஒரு முகம் இருக்கிறது. கொலுவுக்கு வருகிற வீட்டிலேயே ‘உங்க பொண்ணு எந்த கணக்கு வகுப்புல இருக்கா’ என்ற விசாரணையும் நடக்கும்.

ரூட்_ஒன்:
அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அது எனக்கே பிடிப்பதில்லை. ஆனால் ஒரு பள்ளி மாவட்டம் பிரச்சினையை வெளிப்படையாகப் பேசித் தேர்வையே எடுத்தது என்றால், அதை அந்த ஊரின் பெருமை என்றுதான் சொல்வேன். மில்பர்னில் போட்டியே இல்லை என்று உங்களால் எழுத முடியுமா? விலை ஏற ஏறப் பிள்ளை மேல் வைக்கும் எதிர்பார்ப்பும் ஏறுகிறது. இத்தனை பணம் கொடுத்து இந்தப் பள்ளிக்காக வந்தோமே என்ற பேச்சு சாப்பாட்டு மேசைக்கு வராமல் இருக்காது.

இன்னொன்றும் கேட்கிறேன். 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மழையில் மில்பர்ன் கடைத்தெரு வெள்ளத்தில் மூழ்கியதே?

மலைச்சரிவு:
கடைத்தெரு ராவே ஆற்றை ஒட்டிய பள்ளம், ஷார்ட் ஹில்ஸ் மேடு. ஆனாலும் நியாயமான எச்சரிக்கைதான். புதுக்கரை, எந்த ஊரில் பார்த்தாலும் விற்பவரிடம் வெள்ள விவரத்தை எழுத்தில் கேளுங்கள். 2024லிருந்து அதைச் சொல்வது சட்டப்படி கட்டாயம்.

கனகாம்பரம்:
ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். இத்தனை பேர் இத்தனை எழுதியும், தினமும் வேலைக்குப் போகிற அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை. அண்ணன்மார் இருவரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

புதுக்கரை மூன்று நாள் போகிறார். அவர் மனைவி ஐந்து நாள். அந்த மூன்று நாளும் ரயில் தாமதமானால் டே-கேருக்கு ஓடப்போவது அவள்தான். பெரும்பாலான இடங்களில் ஆறு, ஆறரைக்குக் கதவை அடைப்பார்கள். தாமதமானால் நிமிடக் கணக்கில் பணம் வாங்குவார்கள். அதைவிட, கடைசிப் பிள்ளையாக நம் பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதுதான் தாங்காது. ஷார்ட் ஹில்ஸிலிருந்து நியூ பிரன்ஸ்விக் போக, சாயங்காலம் திரும்ப, அவளுக்கு பார்க்வே நெடுஞ்சாலையோ 287ஓ கதி. வெஸ்ட் விண்ட்சர் என்றால் ரூட் ஒன் நெடுஞ்சாலை, சிக்னலுக்குச் சிக்னல் நின்று. நீங்கள் இருவரும் அளந்த ரயில் நிமிடங்களில் அவள் நேரம் எங்குமே இல்லை.

நான் மெட்டச்சனில் இருக்கிறேன். எடிசனால் சூழப்பட்ட சின்ன ஊர், மொத்தமே மூன்று சதுர மைலுக்குள். நிலையம் ஊருக்கு நடுவில், பெரும்பாலான தெருக்களிலிருந்து நடந்தே போகலாம். பென் ஸ்டேஷன் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. எதிர்ப்பக்கம் அடுத்த நிலையம் எடிசன், அதற்கடுத்தது நியூ பிரன்ஸ்விக். இருவரும் ஒரே நிலையத்தில் ஏறி ஆளுக்கொரு திசையில் போகலாம். இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோடு பக்கத்திலேயே இருக்கிறது, கறிவேப்பிலைக்கும் இட்லி அரிசிக்கும் திட்டம் போட்டுக் கிளம்ப வேண்டாம். பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலும் காரில் எட்டுகிற தூரம்தான்.

ரூட்_ஒன்:
தங்கச்சி சொல்வது நியாயம். ஆனால் அங்கேயிருந்தும் வெஸ்ட் விண்ட்சரில் ஏறுகிறவர்கள் போகும் அதே ஆம்ட்ராக் தடம்தான், அதே தாமதம்தான். எங்களுக்கு நின்றால் உங்களுக்கும் நிற்கும். தவிர, பள்ளித் தரவரிசையில் மெட்டச்சன் எங்கள் பேரோடு நிற்காது.

கனகாம்பரம்:
நிற்க வேண்டாம், ரூட்_ஒன் அண்ணா. சின்னப் பள்ளி, ஆசிரியர்களுக்குப் பிள்ளையின் பேர் தெரியும், எனக்கு அது போதும். ரயில் நின்றால் எனக்கும் நிற்கும். ஆனால் பெற்றோரில் ஒருவர் எப்போதும் பத்து மைலுக்குள் இருப்பார். நிலையப் பார்க்கிங்கையும் மறந்துவிட்டீர்கள். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் பெர்மிட்டுக்கு வருடக்கணக்கில் பெயர் பதிந்து காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். சம்மிட்டில் 2016ல் புதிதாக நிறுத்துமிடம் கட்டுவதற்குப் பதில் ஊபர் சவாரிக்கு நகராட்சியே பணம் கொடுத்தது என்றால் நெருக்கடி எவ்வளவு இருந்திருக்கும் என்று பாருங்கள்.

மலைச்சரிவு:
அந்தப் பெண்ணின் வேலையை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் வேலை மாறும், வீடு மாறாது. நியூ பிரன்ஸ்விக் வேலை நான்கு வருடத்தில் போய்விட்டால்? விற்கும்போது மில்பர்ன் பேருக்கு எந்தச் சந்தையிலும் ஆள் வரும்.

புதுக்கரை:
மனைவியையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் படித்தேன். அவள் சொன்னது: “விற்கும்போது என்ன விலை வரும் என்பதை விற்கும்போது பார்க்கலாம், நான் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வரணும்.” ஷார்ட் ஹில்ஸைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். வெஸ்ட் விண்ட்சர் இருக்கிறது, மெட்டச்சனைச் சேர்த்திருக்கிறோம். இந்தச் சனிக்கிழமை அங்கே இரண்டு வீடு பார்க்கப் போகிறோம், இரண்டும் 1930களில் கட்டியவை. மூன்று நாளுக்கு மாத பாஸ் கட்டுமா?

கனகாம்பரம்:
கட்டாது. 2024 ஜூலையில் கட்டணம் 15 சதவீதம் ஏறியபோது மூன்று நாள் ஆட்களுக்குத் தோதாக இருந்த பிளெக்ஸ்பாஸ் என்ற சலுகை டிக்கெட் கட்டையும் நிறுத்திவிட்டார்கள். தனி டிக்கெட்டாக வாங்கிக் கணக்குப் பாருங்கள்.

1930 வீடு என்றால் ஒன்று முக்கியம். அந்தக் காலத்தில் சூடேற்ற எண்ணெய்தான், தொட்டியைத் தோட்டத்தில் புதைத்திருப்பார்கள். இப்போது எரிவாயு இருந்தாலும் பழைய தொட்டி மண்ணுக்குள்ளேயே கிடக்கலாம். கசிந்திருந்தால் சுத்தம் செய்யும் செலவு உங்கள் தலையில் வரும். வழக்கமான வீட்டுப் பரிசோதனையில் இது சேராது, தனியாக ஆள் வைத்துத் தேடச் சொல்லுங்கள். அந்த அறிக்கை வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ரூட்_ஒன்:
இதில் நான் கனகாம்பரம் கட்சி. வெஸ்ட் விண்ட்சரில் ஞாயிறு வீடு பார்க்க வந்தால் சொல்லுங்கள், நிலையத்திலிருந்து நானே அழைத்துப் போகிறேன். உங்கள் மனைவியின் அலுவலகத்துக்கு ரூட் ஒன்னில் எத்தனை மணிக்குக் கிளம்பினால் தப்பிக்கலாம் என்பதையும் ஓட்டியே காட்டுகிறேன், ஆனால் அதற்குத் திங்கள் காலையில்தான் வர வேண்டும்.