கறுப்புப் பட்டைக்கு அடியில் கலவை விகிதம் அப்படியே இருக்கிறது, பக்கத்தை மாற்ற என்ன வழி?

எங்களுடையது பூச்சிமருந்து தயாரிக்கும் சிறு நிறுவனம். விற்பனை அனுமதி கேட்டு 3 வாரத்துக்கு முன் ஒழுங்குமுறை ஆணையத்திடம் விண்ணப்பித்தோம். ரகசியப் பதிப்பு ஒன்று, பொதுமக்கள் பார்வைக்கு ஒன்று, இரண்டும் பிடிஎஃப். ரகசியப் பதிப்பில் பக்கத்துக்குப் பக்கம் 'ரகசியம்' என்று முத்திரை இருக்கிறது.

பொதுப் பதிப்பின் 17ஆம் பக்கத்தில் கலவை விகிதத்தின் மேல் கறுப்புப் பட்டை போட்டிருந்தோம். நேற்று அந்தப் பட்டையின் மேல் மவுஸை இழுத்து, காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். ஐந்து வரி எண்களும் தசமப்புள்ளி மாறாமல் வந்து விழுந்தன. கை நடுங்கிவிட்டது. நாலு வருட உழைப்பு அது.

உடனே எண்களையே அழித்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் படமாக மாற்றி மின்னஞ்சலில் அனுப்பினேன். அப்புறம் போனிலும் பேசினேன். கோப்பு பரிசீலனைக்குப் போய்விட்டதாம். மாற்ற வேண்டுமானால் காரணத்தோடு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். பொதுப் பார்வைக்கு வைக்க இன்னும் 9 நாள்தான்.

டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் (உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம்) 39ஆவது பிரிவைப் படித்தேன். அரசிடம் தரும் வெளியிடாத சோதனைத் தரவுக்கு அதில் பாதுகாப்பு உண்டு, ஆனால் அது புதிய வேதிப்பொருளுக்கு. எங்களுடையது ஏற்கெனவே உள்ள மருந்துகளின் புதுக் கலவை. ரகசியத்தைக் காக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சரியாக மறைக்காத பட்டையை முயற்சி என்று ஏற்பார்களா என்பதுதான் என் பெரிய கவலை.

இப்படித் தவறுதலாகக் கொடுத்த பக்கத்தை மாற்ற வைத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: கடிதத்தில் எந்தக் காரணத்தை முன்வைத்தீர்கள்?