படகு ஸ்டீரியோவில் இரைச்சல், வழி சொல்லுங்கள்

வணக்கம். படகில் 12 வோல்ட் ஸ்டீரியோவும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டியிருக்கிறேன். இன்ஜின் நின்றிருக்கும்போது பாட்டு துல்லியமாகக் கேட்கிறது. ஸ்டார்ட் செய்ததும் ‘ஊய்ங்’ என்று ஒரு இரைச்சல். வேகம் கூட்டினால் அதுவும் கூடுகிறது. ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிளைக் கழற்றினால் நின்றுவிடுகிறது, அதனால் கிரவுண்ட் லூப்பாக (இரண்டு கருவிகளின் நெகட்டிவும் வேறு வேறு இடத்தில் சேர்வதால் வரும் கோளாறு) இருக்குமோ என்று சந்தேகம். ஸ்டீரியோவின் கறுப்பு வயர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் பொது நெகட்டிவில் சேர்கிறது. ஆம்ப்ளிஃபயருடையது நேராக பேட்டரிக்குப் போகிறது. இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்தால் போதுமா, இல்லை ஐசொலேட்டரும் (இந்த இரைச்சலைத் தடுக்க ஆர்சிஏ கேபிளின் நடுவில் மாட்டும் சின்னக் கருவி) வேண்டுமா? வயர் எல்லாம் வெள்ளீயம் பூசிய செம்புதான், ஃபியூஸும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அப்புறம், ஸ்பீக்கர் காந்தம் திசைகாட்டியின் முள்ளை இழுத்துவிடும். பாட்டைவிட எனக்கு அதுதான் பெரிய கவலை. நீங்கள் ஸ்பீக்கரை எவ்வளவு தள்ளி வைத்தீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.